மற்றப் பாதியைச் சொல்ல ஓர் ஆள்

பிள்ளைகள், எங்கள் தண்ணிக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த கையோடு நீங்கள் எல்லாரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். "அங்கிள், அந்தப் பழைய மெஷின் எப்பிடி ஓடினது?"

அதை நான் எழுதப் போவதில்லை. அதற்குப் படிப்பு இருக்கிறது, படிப்பிக்க ஆட்கள் இருக்கிறார்கள், உங்கள் முன்னால் திரை இருக்கிறது. நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு மன்னாரில், பேசாலையில் கடலுக்குப் போனவன். மெஷின் ஓடாத நேரத்தில் பக்கத்தில் நிற்கிற மனிசன் என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் எனக்குக் கொஞ்சம் தெரியும். அதையும் முழுக்கத் தெரியும் என்று சொல்லப் பயமாக இருக்கிறது. இதை எழுதும்போதே, நான் ஏதாவது பிழையாக எழுதி, அதைப் படித்து உங்களில் ஒருவர் ஏதாவது சக்கரத்தைப் பிழையாகச் சுற்றினால் என்ன ஆகும் என்று யோசனை ஓடுகிறது. ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் வேலையிடத்தில் எழுதித் தொங்கவிட்டிருக்கிற முறைதான் முறை. இது நான் பட்ட கதை.

நான் பயந்த சுபாவம். இத்தாலியில், பலெர்மோ நகரத்துக் கால்சாப் பகுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த முருகன் அதைப் பகிடி பண்ணாத நாள் இல்லை. அவன் மொரீசியஸ்காரன். பாட்டனுக்குப் பாட்டன் தமிழன். தமிழ் அவனுக்குத் தேவாரத்தில் வரும், ஒரு கைப்பிடி வீட்டுச் சொற்களில் வரும், மற்றதெல்லாம் இத்தாலியன். அவன் சொல்லுவான்: "சவிரி, உனக்குப் பயப்பட ஒண்டும் இல்லாட்டி, ஏன் ஒண்டும் இல்லை எண்டு பயப்படுவாய்."

சரியாகத்தான் சொன்னான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் அந்த நகரத்தில் பொலிதேயாமாப் பக்கம் ஒரு சிஞ்ஞோரா அம்மாவின் வீட்டில் வீட்டுவேலை செய்தேன். அந்தக் காலத்துப் பலெர்மோவில் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். இந்தப் பகுதிக்கு இன்றைக்கு என்றால் அடுத்த பகுதிக்கு நாளைக்கோ நாளன்றைக்கோ. கோடையில் அதுவும் இல்லை. எல்லாக் கூரையிலும் தண்ணீர்த் தாங்கி இருக்கும். தண்ணீர் வருகிற நாளில் சிஞ்ஞோரா ஒரு கலியாணத்துக்கும் போகமாட்டா. குழாயில் காற்று இரையும், பிறகு இருமும், பிறகு தண்ணீர் வரும். அந்த இருமலைக் கேட்டால்தான் அவவின் முகம் மலரும்.

அவவின் சொந்தக்காரர் ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தண்ணிக் கூடத்தில் வேலை கிடைத்தது. நகரத்துக்கு வெளியே சியாகுல்லி ஊருக்கு மேலே, மண்டரின் தோடம்பழத் தோட்டங்கள் முடிந்து மலை தொடங்குகிற இடத்தில் அந்தக் கூடம். மலைக்குப் பின்னால் இருந்து வருகிற பெரிய குழாய் அதற்குள் புகுந்து, மற்றப் பக்கத்தால் வெளியே வந்து நகரத்துக்கு இறங்கும். வலையில் அடைக்கிற இலை குப்பையை எடுப்பதும், புல்லு வெட்டுவதும், கூட்டுவதும் என் வேலை. உள்ளே ஒரு பெரிய வால்வு. மலையில் இருந்து விழுந்து வருகிற தண்ணீருக்குப் பொல்லாத பலம். அந்தப் பலத்தோடு நகரத்துக்குள் விட்டால் வீட்டுக் குழாய்கள் வெடித்துவிடும். ஆகவே அந்த வால்வு தண்ணீரை நெரித்து, பலத்தைக் கொன்று, பிறகு அனுப்பும். அந்த இரைச்சலில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்தால் இரவு முருகன் கதைப்பது எனக்குக் கேட்காது. அது ஒரு விதத்தில் நல்லதுதான்.

ஒருநாள் இளம் பெண் ஒருவர் வந்தார். வடக்கு இத்தாலியில் படித்த இஞ்சினியர். வாசலில் நின்று காதைப் பொத்திக்கொண்டு என்னிடம் கேட்டார்: "சவேரியோ, இது என்ன சத்தம் தெரியுமோ?"

இத்தாலியர் எல்லாருக்கும் நான் சவேரியோ.

"தண்ணிச் சத்தம்."

"இல்லை. இது நாங்கள் எறியிற கரண்ட். அங்காலை எண்ணெயை எரிச்சு, புகையை வானத்துக்கு அனுப்பி, கரண்ட் எடுக்கினம். இஞ்சாலை மலை சும்மா தாற பலத்தை இரும்பாலை நெரிச்சுக் கொல்லுறம். இந்த இடத்திலை ஒரு டர்பைனை வைச்சா, பலத்தைக் கொல்லுற வேலையை அது செய்யும், கரண்டும் தரும். அவ்வளவு புகை குறையும்."

நான் எனக்கு உண்மையாகவே இருந்த கவலையைக் கேட்டேன். "தண்ணியிலையிருந்து கரண்டை எடுத்தா, குடிக்கிற சனத்துக்குச் சத்துக் குறையாதோ?"

அவர் சிரிக்கவில்லை. சிரிக்காததற்காக இன்றைக்கும் அவருக்கு நன்றி. "தண்ணிக்கு அவசரம் குறையும், சத்துக் குறையாது" என்றார். அது எனக்கு விளங்கியது. புகை குறைகிறது என்பதும் நல்லதாகத்தான் பட்டது. ஆனால் நான் அன்றைக்கு இரவு படுக்கையில் புரண்டது புகைக்காக அல்ல.

அந்த டர்பைன் மெஷின் வந்தால் அதைப் பார்க்க நிரந்தரமாக ஆள் வேண்டும். அந்த ஆள் நானாக இருக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். நிரந்தர வேலை இருந்தால்தான் என் பெர்மெஸ்ஸோவை, இங்கே இருக்க விடுகிற அனுமதிப் பத்திரத்தை, வைத்துக் குடும்பத்தைக் கூப்பிடலாம் என்று குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரில் சொல்லிவிட்டார்கள். கலியாணம் முடித்துக் கொஞ்ச நாளில் நான் வெளிக்கிட்டுவிட்டேன். என் மனிசி ரெஜினா ஊரில் சண்டைக்குள் இடம்பெயர்ந்து மடுக் கோயில் பக்கம் இருந்தாள். ஆனால் மெஷினுக்கு ஒரு நிபந்தனை வைத்திருந்தார்கள். ஒரு கோடை ஓட்டிப் பார்ப்பது. அந்தக் கோடைக்குள் மெஷினால் ஒருநாள் என்றாலும் நகரத்துக்குத் தண்ணீர் நின்றால், கழற்றி எடுத்துவிட்டுப் பழைய வால்வோடு இருந்துவிடுவது. நியாயமான நிபந்தனைதான். தண்ணீர் முதல், கரண்ட் பிறகு. இதை நீங்களும் மறக்க வேண்டாம். ஆனால் அந்த நிபந்தனைக்குள் என் மனிசி நிற்கிறாள் என்று எனக்கு மட்டும்தானே தெரியும்.

இனி ஒரு விஷயம் சொல்ல வேண்டும், பிறகு தேவைப்படும். செபமாலை தனி ஆள் சொல்லுகிற செபம் இல்லை. ஒருவர் முன்பாதி சொல்ல, மற்றவர்கள் பின்பாதி சொல்லுவார்கள். எங்கள் கால்சா அறையில் நான் ஒருவன்தான் கத்தோலிக்கன். முருகன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு இருப்பான், பதில் சொல்லத் தெரியாது. ஆகவே இரண்டு பாதியையும் நானே சொல்லுவேன். அப்படிச் சொன்னால் செபம் ஓடத் தொடங்கும். முன்பாதியின் வாலைப் பின்பாதி பிடித்துக்கொண்டு ஓடும். கவலை கூடின நாட்களில் இன்னும் ஓடும். முருகன் கேட்பான்: "சவிரி, பஸ் போகப் போகுதோ?"

மெஷின் வந்தது. கூடத்துக்குள் தண்ணீருக்கு இரண்டு பாதை ஆனது. ஒன்று மெஷின் பாதை. மற்றது பழைய வால்வு இருந்த பக்கப் பாதை. இரண்டுக்கும் ஒவ்வொரு கைச்சக்கரம், எதிரும் புதிருமாக. மெஷின் ஓடும்போது பக்கப் பாதை மூடியிருக்கும். மெஷின் நின்றாலோ கரண்ட் லைன் அறுந்தாலோ ஒரு கம்பியில் இருக்கிற இரும்புப் பாரம் தானாக இறங்கிப் பக்கப் பாதையை மெதுவாகத் திறக்கும், மெஷின் பாதை மெதுவாக மூடும், நகரத்துக்கு ஒன்றும் தெரியாது. தானாக நடக்காவிட்டால் கையால் செய்ய வேண்டும்.

அதைப் பழக்கினவர் எங்கள் கப்போ. மேற்பார்வைக்காரர். பலெர்மோவிலேயே பிறந்து வளர்ந்தவர். நாளைக்கு நாலு வசனம் பேசினால் அன்றைக்கு அவருக்குச் சந்தோஷம் என்று அர்த்தம். முதல் நாள் என்னை மெஷின் பாதைச் சக்கரத்துக்கு முன்னால் நிறுத்தினார்.

"மலைவரைக்கும் குழாய் இருக்கு. அதுக்குள்ளை இருக்கிற தண்ணியை ஒரு ரெயில் எண்டு நினை. ஓடுற ரெயிலைக் கையாலை மறிச்சா என்ன நடக்கும்?"

"கை போகும்."

"கை போறது பரவாயில்லை. ரெயில் போகும், தண்டவாளம் போகும். ஆறுதலாப் பூட்டு."

"எவ்வளவு ஆறுதலா?"

"ஒரு ஆவே மரியாவுக்கு ஒரு கைப்பிடி தூரம்."

ஆவே மரியா என்றால் செபமாலையில் திரும்பத் திரும்ப வருகிற எங்கள் "அருள் நிறைந்த மரியே" செபம். நான் பூட்டினேன். என் செபத்தைச் சொல்லிச் சொல்லித்தான் பூட்டினேன், பொய் இல்லை. கொஞ்சத்தில் குழாய்க்குள் ஒரு அடி விழுந்தது பாருங்கோ. உள்ளுக்குள் யாரோ பெரிய சுத்தியலால் அடித்த மாதிரி. நிலம் அதிர்ந்தது. கூரையிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்து கப்போவின் தலையில் கொட்டியது. அவர் வந்து என் கையைச் சக்கரத்திலிருந்து எடுத்துவிட்டார். கோபம் இல்லை. தலையைத் தட்டிக்கொண்டு கேட்டார்:

"உன்ரை மாதாவை ஆர் துரத்துறது?"

"ஒருத்தரும் இல்லை, கப்போ."

"எப்பிடிச் சொன்னனீ? சொல்லிக் காட்டு."

தமிழில் சொல்லிக் காட்டினேன். அவருக்கு ஒரு சொல்லும் விளங்கியிராது. ஆனால் எந்த இடத்தில் மூச்சு வர வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

"மற்றப் பாதியை ஆர் சொன்னது?"

"நான்தான்."

"அப்ப நீ சொல்லேல்லை. விழுங்கினனீ."

எனக்குச் சொந்தச் செபத்தைக் குறை சொல்லுகிறார் என்று கொஞ்சம் சுட்டது. ஆனால் அவர் போய் எதிர்ப்பக்கத்துச் சக்கரத்தைப் பிடித்தார். "முன்பாதி நீ. நீ சொல்லேக்கை நான் திறப்பன். பின்பாதி நான். நான் சொல்லேக்கை நீ பூட்டு. வாய் மூடியிருக்கிறவன்ரை கைதான் அசைய வேணும்."

அப்படிச் செய்தோம். நான் இத்தாலியனில் முன்பாதி சொல்ல, அவர் சிசிலிப் பேச்சில் இழுத்து இழுத்துப் பின்பாதி சொன்னார். ஒரு பாதை மூட மூட மற்றது திறந்தது. குழாய் நித்திரைப் பிள்ளை மாதிரிக் கிடந்தது.

கரைவலை இழுத்த எனக்கு அது உடனே பிடிபட்டது. வலைக்கு இரண்டு கயிறு, இரண்டு பக்கமும் ஆட்கள். ஒரு பக்கம் முந்தினால் வலை கோணி மீன் எல்லாம் போய்விடும். ஆகவே ஒரு பக்கம் குரல் கொடுக்க, மற்றப் பக்கம் எடுக்கும். நான் கடலில் தெரிந்துவைத்திருந்ததை இந்த மனிசன் இரும்பில் செய்கிறார் என்று நினைத்தேன்.

உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். கடவுளை நம்பியா வால்வு பூட்டினீர்கள் என்று கேட்பீர்கள். இல்லை. கப்போ கோயில் வாசலை மிதிப்பது பெருநாளுக்கு மட்டும். விஷயம் வேறு. கடிகாரத்தைப் பார்த்தால் கண்ணோடு சேர்ந்து காதும் கடிகாரத்துக்குப் போய்விடும், குழாய் என்ன சொல்லுகிறது என்று கேட்காது. மனதுக்குள் எண்ணினால் பயம் வந்து எண்ணிக்கையைத் தின்னும். ஆனால் எதிரில் நிற்கிறவன் தன் பாதியைச் சொல்லி முடிக்கும்வரை காத்து நிற்கிறவனால் அவசரப்பட முடியாது. பயந்தவனுக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. அந்த வேலையைத் தனியச் செய்யாதீர்கள் என்று நான் உங்களுக்குச் சொல்லுவது அதனால்தான். தனியச் செய்கிற வேலை ஓடும்.

அந்தக் கோடை நல்லபடி ஓடியது. மெஷின் பூனை மாதிரி உறுமிக்கொண்டு இருக்கும். பழைய இரைச்சல் இல்லை. தோட்டத்துக் குருவிச் சத்தம் கேட்டது. இரவில் முருகன் கதைப்பதும் எனக்குக் கேட்கத் தொடங்கியது. எல்லா முன்னேற்றத்துக்கும் ஒரு விலை இருக்கும்தானே.

கோடை முடிகிற நேரம் மெஷினை ஏற்றுக்கொள்ளுகிற நாள் வந்தது. அதற்குக் கூடத்தை அழகாக்க வேண்டும் என்று தண்ணீர்க் கந்தோரில் முடிவெடுத்துப் பெயிண்ட் அடிக்க ஆட்களை அனுப்பினார்கள். சுவர், கதவு, கம்பி, எல்லாம் பச்சை. கப்போ பார்த்துவிட்டு, "என்னையும் அடிக்க முதல் நான் போறன்" என்று வெளியே போய் நின்றார்.

அந்த நாள் ஷிரோக்கோ அடித்தது. ஆபிரிக்காவிலிருந்து வருகிற சூட்டுக் காற்று. இப்படியான நாளில் நகரம் முழுக்க காற்றாடியும் குளிரூட்டியும் போட்டுக் கரண்ட் படுத்துவிடும் என்று எனக்கு விடியவே கவலை. அதைவிடப் பெரிய கவலை, அன்றைக்குத்தான் கால்சாவுக்குத் தண்ணீர் முறை. அங்கே தண்ணீர் வந்து கனநாள். எங்கள் கட்டிடத்திலேயே தாங்கி காய்ந்து கிடந்தது. காலையில் படியிறங்கும்போது கீழ்வீட்டு மனிசி வாளியைக் காட்டி, "சவேரியோ, நீ அங்கை நிக்கிறாய்தானே, இண்டைக்கு வரும்தானே?" என்று கேட்டா. வரும் என்று சொன்னேன். சொன்ன பிறகு ஏன் சொன்னேன் என்று வழி முழுக்க யோசித்தேன்.

கந்தோரிலிருந்து, எல்லாரும் மரியாதைக்கு டொத்தோரே என்று கூப்பிடுகிற மேலதிகாரி வந்தார். பெரிய மனிசன். வெள்ளை லினன் கோட்டு சூட்டு. மெஷின் இருப்பதா போவதா என்று கையெழுத்து வைப்பவர் அவர்தான். இஞ்சினியரும் கப்போவும் மற்ற அதிகாரிகளைக் கூட்டிக்கொண்டு கால்சாவுக்குப் போனார்கள், தண்ணீர் சரியான பலத்தோடு வந்து சேருகிறதைக் காட்டுவதற்கு. டொத்தோரே மெஷின் ஓடுவதைப் பார்க்க மேலேயே நின்றார். போகும்போது நான் கப்போவின் பின்னாலேயே கார்வரை போனேன்.

"கப்போ, நீங்கள் இல்லாமல் நான் தனிய..."

"தனிய எங்கை? டொத்தோரே நிக்கிறார்தானே."

அதுதான் அவருடைய அன்றைய நாலு வசனத்தில் ஒன்று. பகிடியாகத்தான் சொன்னார்.

டொத்தோரே மெஷினைச் சுற்றிப் பார்த்தார். எந்த ஊர் என்று கேட்டார். மனிசி எங்கே என்று கேட்டார். சொன்னேன். "கஷ்டம்" என்று சொல்லிக் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். அந்த நேரத்தில் விளக்கு அணைந்தது.

நகரத்தின் கரண்ட் விழுந்துவிட்டது. கரண்ட் லைன்தான் மெஷினுக்குக் கடிவாளம். அது அறுந்தவுடன் மெஷின் கட்டவிழ்ந்த மாடு மாதிரி ஓடத் தொடங்கியது. உறுமல் ஊளையாக மாறியது. நான் பாரத்தைப் பார்த்தேன். இறங்கத் தொடங்கியது. கொஞ்சம் இறங்கியது. பிறகு நின்றுவிட்டது. பச்சைப் பெயிண்ட் அரைகுறையாகக் காய்ந்து பசை மாதிரி அதன் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தது. பக்கப் பாதை ஒரு கீறல் அளவுதான் திறந்திருந்தது.

"பூட்டு!" என்று டொத்தோரே கத்தினார். "மெஷின் பறக்கப் போகுது! பூட்டடா!"

அவர் சொன்னது முட்டாள்தனம் இல்லை. மெஷின் அப்படியே ஓடினால் உடையும். உடைந்தால் அதோடு என் கதையும் முடிந்தது. சக்கரம் என் கைக்குக் கீழே இருந்தது. ஒரே மூச்சில் பூட்டிவிடலாம். என் உடம்பு முழுக்க அதைத்தான் கேட்டது. பயந்த ஆளின் கை சும்மா இருக்காது, ஏதாவது செய்துவிட்டால் பயம் போகும் என்று நினைக்கும். ஆனால் கூரைச் சுண்ணாம்பு உதிர்ந்த அன்றைய அடி என் காலில் இன்னும் இருந்தது. இப்போது பூட்டினால் மலையிலிருந்து வருகிற ரெயில் முழுக்க வந்து மோதும். குழாய் பிளந்தால் கால்சாவுக்கு இன்றைக்கு இல்லை, எப்போது தண்ணீர் என்று யாருக்கும் தெரியாது.

பிள்ளைகள், உங்களுக்கு நான் தரக்கூடியது இது ஒன்றுதான், கவனமாகக் கேளுங்கோ. பயங்கள் கும்பலாக வரும். எல்லாம் ஒரே உயரமாகத் தெரியும். அந்த நேரத்தில் ஒவ்வொன்றாக நிறுத்திக் கேட்க வேண்டும்: நீ நடந்துவிட்டால் பிறகு திருத்தலாமா? டொத்தோரேயின் கோபம், ஆறும். மெஷின் உடைந்தால், செலவு, வெட்கம், எனக்குப் பெரிய நட்டம், ஆனால் இன்னொரு மெஷின் செய்யலாம். காய்ந்து கிடக்கிற சனத்துக்கு வருகிற குழாய் வெடித்தால், அந்த நாளை யாரும் திருப்பித் தரமுடியாது. எதைத் திருத்த முடியாதோ அதற்குத்தான் முதலில் பயப்பட வேண்டும். ரெஜினாவை நான் அந்த வரிசையில் கடைசியில் நிறுத்தினேன். அது எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை.

"டொத்தோரே! அந்தச் சக்கரம்! அதைப் பிடியுங்கோ!"

"என்ன?"

"நான் சொல்லேக்கை நீங்கள் திறவுங்கோ. நீங்கள் சொல்லேக்கை நான் பூட்டுவன்."

"என்னத்தைச் சொல்லுறது, விசரா!"

விளங்கப்படுத்த நேரம் இல்லை. நான் தொண்டை கிழியத் தொடங்கினேன். "ஆவே மரியா, பியேனா தி கிராட்சியா..."

"கடவுளே! இவன் செபம் சொல்லுறான்! மெஷின் வெடிக்குது, இவன் செபம் சொல்லுறான்!"

நான் முன்பாதியை முடித்துவிட்டு நிறுத்தினேன். வாயை மூடிக்கொண்டு அவருடைய முகத்தைப் பார்த்தேன். அவ்வளவுதான் செய்தேன். மெஷின் ஊளையிட்டுக்கொண்டே இருந்தது.

அந்த ஊரில் பிறந்த ஒருவருடைய காதில் முன்பாதி விழுந்து, அதற்குப் பிறகு ஒரு மௌனம் வந்தால், பின்பாதி தானாக வந்துவிடும். நல்ல மனிசனோ கெட்ட மனிசனோ, கோயிலுக்குப் போகிறவரோ போகாதவரோ. சின்ன வயதில் முழங்காலில் நிறுத்திப் பழக்கினது. அவருடைய உதடு அசைந்தது. "சாந்தா மரியா, மாத்ரே தி தீயோ..." சொன்ன பிறகுதான் தான் சொல்லுகிறேன் என்று அவருக்கே தெரிந்தது போல இருந்தது.

நான் பூட்டவில்லை. முதலில் அவர் திறக்க வேண்டுமே. கண்ணால் சக்கரத்தைக் காட்டினேன். திரும்ப முன்பாதி சொன்னேன், ஆறுதலாக, கப்போ இழுக்கிற மாதிரி இழுத்து. டொத்தோரே சக்கரத்தைப் பிடித்து ஒரு கைப்பிடி திறந்தார். நிறுத்தினேன். அவர் பின்பாதி சொன்னார், நான் ஒரு கைப்பிடி பூட்டினேன். அதற்குப் பிறகு அவருக்கு ஒன்றும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஒரு தடவை அவசரத்தில் என் பாதி முடிய முதலே தன் பாதியைத் தொடங்கினார். நான் என் பாதியை இன்னும் இழுத்தேன். அவர் நிறுத்திக் காத்து நின்றார். கந்தோரில் எல்லாரையும் காக்க வைக்கிற மனிசன்.

ஊளை இறங்கி உறுமலானது. உறுமல் முனகலானது. பக்கப் பாதையில் பழைய இரைச்சல் திரும்ப வந்தது. அந்தச் செவிட்டு இரைச்சலை அவ்வளவு ஆசையோடு நான் ஒருநாளும் கேட்டதில்லை. குழாய் ஒரு முறைகூட அடிக்கவில்லை.

சுவரில் இருந்த டெலிபோன் அடித்தது. கப்போ.

"இஞ்சை கரண்ட் இல்லை. அங்கை?"

"இஞ்சையும் இல்லை. தண்ணி வருதோ?"

"வருது. தாங்கியள் நிரம்புது. பொம்பிளையள் என்னை ஏசேல்லை. பாரம் இறங்கினதோ?"

"இல்லை. கையாலை செய்தனாங்கள்."

"மற்றப் பாதியை ஆர் சொன்னது?"

"டொத்தோரே."

அந்த மனிசன் சிரித்து நான் அன்றைக்குத்தான் கேட்டேன். டெலிபோனைக் காதிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று.

டொத்தோரே வாசற்படியில் இருந்தார். வெள்ளை லினனில் பச்சைப் பெயிண்ட், கிரீஸ், வியர்வை. நான் வாளியில் தண்ணீர் கொண்டுபோய் வைத்தேன். எனக்கு இப்போதுதான் பழைய பயம் திரும்ப வந்தது. "விசரா" என்றவரைச் சக்கரம் சுற்ற வைத்தேனே, கையெழுத்து வைக்கிற கையில் கிரீஸ் பூசினேனே என்று.

"நகரத்துக்குத் தண்ணி நிண்டதோ?" என்று கேட்டார்.

"இல்லை, டொத்தோரே."

"அப்ப மெஷின் இருக்கட்டும்." கையைக் கழுவினார். பிறகு பாரத்தை நிமிர்ந்து பார்த்தார். "அதுக்கு ஆர் பெயிண்ட் அடிக்கச் சொன்னது?"

கந்தோரில் யார் சொன்னது என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்றே சொன்னேன். அவரே கையெழுத்து வைத்தாரோ என்னவோ, அதற்குப் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. எழும்பும்போது, "இனிமேல் இந்தக் கூடத்திலை ஒருத்தன் தனிய நிக்கக்கூடாது. ரெண்டு பேர் வேணும்" என்றார்.

பிறகு கனகாலம் அவர் அந்தக் கதையை எல்லா இடத்திலும் தான் தனியக் கூடத்தைக் காப்பாற்றின கதையாகச் சொல்லித் திரிந்தார் என்று கேள்வி. இஞ்சினியருக்குக் கோபம். எனக்கு இல்லை. பாதி அவருடையதுதானே.

இரண்டாவது ஆளாக யார் வந்தது தெரியுமோ? முருகன். பின்பாதியை இத்தாலியனில் பாடமாக்கிக்கொண்டு வந்து கப்போவிடம் ஒப்புவித்தான், தேவார ராகத்தில். கப்போ கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "வேகம் சரி" என்றார். நாங்கள் இரண்டு பேரும் பென்ஷன் எடுக்கும்வரை அந்த ராகத்தில்தான் சக்கரம் சுற்றினோம். இப்போது மோட்டார் சுற்றுகிறது, ஆறுதலாகச் சுற்ற அதற்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். சந்தோஷம். ஆனாலும் அசைய வேண்டிய கம்பிக்குப் பெயிண்ட் அடிக்க யாராவது வந்தால் துரத்திவிடுங்கோ.

அடுத்த மழைக்காலம் முடிய ரெஜினா வந்தாள். விமான நிலையத்தில் இருந்து கால்சாவுக்கு வரும்வரை நான், பேப்பரில் ஏதாவது பிழை இருக்குமோ, குளிர் பிடிக்காதோ, அறை பிடிக்காதோ என்று கதைத்துக்கொண்டே வந்தேன். அவள் வெளியே கடலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். முருகன் வேறு அறைக்குப் போயிருந்தான், போகும்போது ஒரு பானை சோறும் குழம்பும் வைத்துவிட்டு. அன்றைக்கு எங்கள் பகுதிக்குத் தண்ணீர் நாள். குழாய் இரைந்து, இருமி, தண்ணீர் வந்தது. ரெஜினா கையைக் கீழே வைத்துக் கொஞ்சநேரம் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பொழுதுபடச் செபமாலைக்கு இருந்தோம். நான் தொடங்கினேன். "அருள் நிறைந்த மரியே..." முன்பாதி முடிந்தது. அத்தனை வருடப் பழக்கம், மூச்சு விடாமல் நானே அடுத்த பாதிக்குள்ளும் ஓடிவிட்டேன். இரண்டு சொல்தான் போயிருக்கும். ரெஜினா என் முழங்காலில் கையை வைத்தாள்.

"இஞ்சேருங்கோ, நில்லுங்கோ. அது என்ரை பாதி."